சைக்கிள் சீட்டும் வயிற்றில் கரையும் புளியும்

சைக்கிள் கடையில் மற்ற எல்லாருக்கும் கையில்தான் கறை. சீட்டு மாட்டுகிறவர்களுக்கு மட்டும் வயிற்றில் புளி.

நான் வேலை பார்ப்பது கிழக்கு தாம்பரத்திலிருந்து சேலையூர் போகிற வழியில் ஒரு சைக்கிள் கடை. பில் போட வந்தவளை, "பொம்பளைங்கன்னா பொறுமையா கேப்பாங்க" என்று சொல்லி முதலாளி சீட்டுப் பக்கம் தள்ளிவிட்டார். சீட்டு விற்பது, மாட்டுவது, உயரம் பார்ப்பது, உட்கார்ந்தால் வலிக்கிறது என்று வருகிறவர்களின் சோகக் கதையைக் கேட்பது, எல்லாம் என் தலையில். பெயர் எஸ்தர். கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் சீட்டு மேடம்.

இந்த வேலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத குணம் ஒன்று எனக்கு உண்டு. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பூட்டின வீட்டை மறுபடி திறந்து கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தெரு முனையைத் தாண்டுவேன். இப்படிப்பட்டவளிடம் வந்து, "இந்த சீட்டு இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" என்று தினம் நாலு பேர் கேட்டால் எப்படி இருக்கும்? சைக்கிள் மிதித்து இடுப்புக்குக் கீழே நொந்துபோய், தலையணை போட்டு உட்கார்ந்து இதை வாசிக்கும் அன்பர்களே, உங்கள் வலி எனக்கு நன்றாகத் தெரியும். என் பயத்தை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சொல்ல முடியாத இடம்

சீட்டுப் பக்கம் வந்த புதிதில், மேடவாக்கம் அடுக்குமாடியிலிருந்து ஒருவர் வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, கழுத்தில் அடையாள அட்டை, விலை உயர்ந்த கியர் சைக்கிள். "சீட்டு சரியில்ல" என்றார். என்ன பிரச்சினை என்றேன். "ஜெனரலாவே சரியில்ல" என்றார். எங்கே வலிக்கிறது என்றேன். கூரையில் இருந்த ஃபேனைப் பார்த்தார். பின்பக்கமா, முன்பக்கமா, தொடை உரசுகிற இடமா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவர் காது சிவந்துகொண்டே போனது. கடைசியில் போனில் எதையோ தட்டி என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'மரத்துப் போகுது' என்று எழுதியிருந்தது.

சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். உயிருள்ள ஸ்பாஞ்சு என்றால் விரலை எடுத்ததும் எழுந்துவிடும். இதில் அழுத்தின குழி அப்படியே கிடந்தது. "ஒரு சீட்டு எவ்ளோ நாள் வரணும் மேடம்?" என்று கேட்டார். தினமும் ஓட்டினால் மூன்று நான்கு வருஷம். அதுவும் ஆளின் எடை, சைக்கிள் நிற்பது வெயிலிலா நிழலிலா, வேளச்சேரி சாலைப் பள்ளங்களில் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைப் பொறுத்தது என்றேன். சொல்லும்போதே எனக்கு உள்ளே உதறல். மாற்றுங்கள் என்றால், வியாபாரத்துக்காகச் சொல்கிறாள் என்பார்கள். ஓட்டலாம் என்று சொல்லி, ஏதாவது ஆகிவிட்டால் பழி நம் தலையில் விடியும். நல்லவேளை, அவர் பேரம் பேசாமல் நடுவில் பள்ளம் வைத்த சீட்டு ஒன்றை மாட்டிக்கொண்டார். வாசல் வரை ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மேடம், என் ஒய்ஃப்கிட்டகூட நான் இதைப் பத்தி இவ்ளோ பேசினதில்ல."

கொத்தமல்லிக் கட்டு

ஸ்பாஞ்சு போனால் வலி வரும். கம்பி போனால் என்ன வரும் என்று எனக்குத் தெரியவைத்தவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். ஒரு நாள் காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சைக்கிளில் சீட்டு இல்லை. அது அவர் கையிலிருந்த மஞ்சப்பையில் இருந்தது.

சீட்டுக்கு அடியில் இரண்டு கம்பிகள் ஓடும். சீட்டு பைப்பின் தலையில் இருக்கும் கிளாம்ப் அந்தக் கம்பிகளைத்தான் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கும். நாம் மெத்தை மேல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த இரண்டு கம்பிகளின் தயவில் உட்கார்ந்திருக்கிறோம். வாத்தியாருடைய சீட்டில் ஒரு கம்பி முறிந்து, முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கேம்ப் ரோடு வேகத்தடையில் ஏறி இறங்கினபோது பட்டென்று விட்டதாம். சீட்டு ஒரு பக்கமாகச் சாய, இவர் இடது பக்கம் காய்கறித் தள்ளுவண்டி மேல் போய் விழுந்திருக்கிறார். வலது பக்கத்தில் அப்போது தண்ணீர் லாரி போய்க்கொண்டிருந்தது.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் குடித்துக்கொண்டிருந்த டீயை மேஜையில் வைத்துவிட்டேன். இடது, வலது என்று யார் முடிவு செய்தார்கள்? புது சீட்டை மாட்டிக் கொடுத்தேன். அதன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து நான் இழுத்துப் பார்ப்பதைக் கவனித்த வாத்தியார், தன் சட்டையில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "அந்தக் கொத்தமல்லிக் கட்டு மட்டும் இல்லன்னா, இந்நேரம் நீங்க எனக்கு மாலை வாங்கப் போயிருப்பீங்கம்மா."

நகத்துக்குத் தெரியும்

அன்று முழுக்க என் முகம் பேயறைந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். எங்கள் கடை மெக்கானிக் முருகேசன் அண்ணன் கவனித்துவிட்டார். வண்ணாரப்பேட்டையில் பிறந்து, பெண் எடுத்த தோஷத்தில் தாம்பரத்துக்கு வந்தவர். "இன்னாமா, மூஞ்சி இப்டி கீது?" என்று கேட்டு, ஒரு பழைய சீட்டைக் கவிழ்த்துப் போட்டார். கம்பியைத் துணியால் துடைத்தார். கட்டைவிரல் நகத்தைக் கம்பியின் மேல் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். கிளாம்ப் கவ்வுகிற இடத்தில் டிக் என்று நகம் தட்டி நின்றது. உற்றுப் பார்த்தால் தலைமுடி அளவு ஒரு கோடு. அதில் துரு ஏறியிருந்தது.

கண்ணுக்குத் தெரியாத விரிசல் நகத்துக்குத் தெரியும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அதோடு என் நிம்மதி ஒழிந்தது. பேக்கரி வாசல், சர்ச் காம்பவுண்டு, மருந்துக் கடை, எங்கே சைக்கிள் நின்றாலும் குனிந்து சீட்டுக்கு அடியில் நகத்தை விட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். சைக்கிள் திருடுகிறவள் என்று ஒருவர் சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினேன். பயம் எனக்கு ஒட்டிக்கொண்டதே, அதற்கு வேறு வழியே இல்லையா என்று முருகேசன் அண்ணனிடம் புலம்பினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஸ்பாஞ்சு பூட்சின்னா நோவுதாம்மா. கம்பி பூட்சின்னா ஆளே காலி. நீ பயந்துக்கினே இரு, அதான் நல்லது."

நாலு உறை

நம் புறநகர்க் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. டிவி ரிமோட்டுக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, சோபாவுக்கு உறை. சைக்கிள் சீட்டு கிழிந்தால் அதற்கும் உறை. அந்த உறை கிழிந்தால் அதன் மேலேயே இன்னொன்று. சிட்லபாக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, மகள் கல்லூரிக்கு ஓட்டிப் போகிற சைக்கிளுக்கு ஜெல் உறை கேட்டார். ஏற்கெனவே இருந்த உறை கிழிந்திருந்தது. அதைக் கழற்றினேன். அடியில் பூப்போட்ட உறை. அதையும் கழற்றினேன். அதற்கும் அடியில் ஒரு நீல உறை, பிறகு முயல் படம் போட்ட ஒன்று. மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தது போலிருக்கிறது.

நாலாவது உறைக்கு அடியில் சீட்டு என்று ஒன்று இருந்தது, அவ்வளவுதான். அடித்தட்டு குறுக்கே பிளந்து, இரண்டு துண்டாக உறைகளின் தயவில் ஒட்டிக்கொண்டிருந்தது. இதன் மேல் உட்கார்ந்துதான் அந்தப் பெண் ரயில்வே கேட் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தாள். அந்த அம்மாவும் பார்த்தார். முகம் வெளுத்தது. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். புது சீட்டை வாங்கிக்கொண்டு, கண் கலங்க, கோபமாகக் கேட்டார்: "நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு, நீங்க எதுக்கு இப்ப இதைக் கழட்டிப் பாத்தீங்க?"

எங்கள் வீட்டுச் சைக்கிள்

அன்று சாயங்காலம் பம்மலில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் கணவரின் சைக்கிள் பக்கம் போனேன். ஊரில் இருக்கிற சைக்கிள் எல்லாவற்றிலும் நகத்தை விட்டுப் பார்த்தவள், இதை மட்டும் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று அந்தச் சிட்லபாக்கம் அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

என் கணவர் டேனியல் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வெல்டர். மாடிப்படிக் கைப்பிடி, கிரில், கேட் செய்கிற சின்னக் கம்பெனி. சர்க்கரை வந்த பிறகு டாக்டர் சொன்னார் என்று பைக்கை விற்றுவிட்டுச் சைக்கிளுக்கு மாறினவர். காலையில் பம்மலிலிருந்து அனகாபுத்தூர் பாலம் தாண்டிப் போக வேண்டும். கம்பி ஏற்றின லாரி, ஜல்லி லாரி, தண்ணீர் லாரி எல்லாம் தொழிற்பேட்டைக்குப் போவது அந்தச் சாலையில்தான். இது அவருடைய இரண்டாவது சைக்கிள், சீட்டு மட்டும் முதல் சைக்கிளுடையது. புது சீட்டு உறுத்துகிறது, இது பழகின சீட்டு என்று கழற்றி இதில் மாட்டிக்கொண்டார். இந்த வியாதி உங்களில் பல பேருக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

துணியால் துடைத்து, நகத்தை வைத்து இழுத்தேன். வலது கம்பியில் டிக்.

அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. உள்ளே ஓடி, "என்னங்க, கம்பியில விரிசல், நாளைக்கு அந்த சைக்கிளைத் தொடாதீங்க, நான் புது சீட்டு எடுத்துட்டு வரேன்" என்றேன். அவர் வந்து குனிந்து பார்த்தார். தன் நகத்தையும் வைத்துப் பார்த்தார். மறுநாள் சீட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது விரிசல் இருந்த இடத்தில் வெல்டு வைத்து, கிரைண்டர் போட்டு, கறுப்புப் பெயிண்டும் அடித்திருந்தார். ரெக்சின் பொசுங்காமல் இருக்க ஈரச்சாக்கு சுற்றி வைத்து வேலை செய்தாராம். சீட்டை மாட்டி அதன் மேல் ஓங்கித் தட்டிச் சொன்னார்: "சைக்கிளே உடைஞ்சாலும் இனிமே இது உடையாது எஸ்தர்."

பக்கத்தில் உடையும்

யாருடையது என்று சொல்லாமல், கடையில் முருகேசன் அண்ணனிடம் பேச்சை எடுத்தேன். சீட்டுக் கம்பியை வெல்டு வைத்தால் தாங்குமா? அவர் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே, வெல்டு வைத்த இடம் தாங்கும் என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு, அந்தக் கம்பி வேறு ரகம், வளைந்து கொடுப்பதற்காகப் பதப்படுத்தினது, சூடு பட்டால் பதம் போய்விடும் என்றார். வந்த உயிர் போய்விட்டது.

வீட்டில் இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான், ஒரு பள்ளிக்கூடத்துக்கு என் கணவரின் கம்பெனி போட்ட மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு ஜாயிண்ட் விட்டுப்போய், அது திரும்பி வந்திருந்தது. யாருக்கும் அடி இல்லை. அந்த வேலையைச் செய்தவர்கள் மூன்று பேர். விட்டுப்போன ஜாயிண்ட் யார் கை என்று கடவுளுக்குத்தான் தெரியும். சூப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னால் திட்டினது இவரை. அன்றிலிருந்து மனிதர் பேச்சையே குறைத்துக்கொண்டார். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், டிவியை வெறித்துப் பார்ப்பார். இந்தச் சீட்டை வெல்டு வைத்துக்கொண்டு வந்த அன்றுதான் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார்.

அந்தச் சிரிப்பிடம் போய், உங்கள் வெல்டில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று எப்படிச் சொல்வது? சாலையை நினைத்தால் பயம். அவர் முகம் வாடுவதை நினைத்தால் அதைவிடப் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, அப்படியானால் எப்போது உடையும் என்று முருகேசன் அண்ணனைக் கேட்டேன். அவர் டியூபை ஊதிப் பார்த்தபடி சொன்னார்: "ஒட்ன எடம் உடையாதும்மா, பக்கத்துல உடையும். சொல்லாம கொள்ளாம உடையும்."

தெரியாத நம்பர்

அதன் பிறகு காலையில் என் கணவர் குளிக்கிற நேரத்தில் நான் வாசலுக்குப் போய் சீட்டின் மேல் கை வைத்து ஜெபம் பண்ண ஆரம்பித்தேன். எதிர்வீட்டு மாமி ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, சைக்கிளுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் என் கணவரிடமிருந்து 'ரீச்சுடு' என்று ஒரு வார்த்தை வாட்ஸ்அப்பில் வருகிற வரைக்கும் எனக்குக் காபி இறங்காது. தகவல் தாமதமானால், அனகாபுத்தூர் பாலத்தில் கூட்டம் கூடியிருப்பது போலவும், கூட்டத்துக்கு நடுவில் ஒரு டிபன் கேரியர் உருண்டு கிடப்பது போலவும் தோன்றும்.

ஒரு நாள் மணி எட்டாகியும் தகவல் இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. கடையைத் திறந்து, கடவுளே கடவுளே என்று உட்கார்ந்திருக்கிறேன். போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்துக் காதில் வைத்தேன். ஓர் ஆண் குரல் "சீட்டு..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், "உயிர் இருக்கா? எந்த ஆஸ்பத்திரி? பேசுறாரா?" என்று அலறினேன். முருகேசன் அண்ணன் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். போனில் அந்த மனிதர் பயந்துபோய்ச் சொன்னார்: "மேடம், ஜெல் சீட்டு பிங்க் கலர்ல இருக்கான்னுதான் கேட்டேன், எதுக்கு அழறீங்க?"

பஸ் ஜன்னல்

அன்றைக்கு என் கணவர் 'ரீச்சுடு' அனுப்ப மறந்திருந்தார், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் குன்றத்தூரில் இருக்கும் என் அக்காவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. காலையில் அவர் கிளம்பின கொஞ்ச நேரத்தில் நானும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவர் போகிற அதே சாலைதான். ஏறினதிலிருந்து ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முன்னால் எங்கேயாவது கூட்டம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

அனகாபுத்தூர் கடைத்தெரு தாண்டினதும் அவர் தெரிந்தார். அந்த நீலச் சட்டை, முதுகில் சாப்பாட்டுப் பை. பக்கத்தில் ஒரு ஜல்லி லாரி. நான் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் அதைக் கவனித்தேன். அவர் உட்காரவில்லை. பெடல் மேல் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார். மேடு ஏறுவதற்காக இருக்கும் என்று நினைத்தேன். மேடு முடிந்தது, உட்காரவில்லை. பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து எங்கள் பஸ் ஊர்ந்தது. அவர் எங்களைத் தாண்டிப் போனார், மறுபடி நாங்கள் அவரைத் தாண்டினோம். அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சீட்டு அவருக்குக் கீழே சும்மா கூடவே வந்துகொண்டிருந்தது.

அவருக்கும் பயம். என்னைவிட அதிகப் பயம். அது எனக்கு அந்தப் பாலத்தில்தான் உறைத்தது. கொஞ்ச நாளாக வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குத் தைலம் கேட்டுக்கொண்டிருந்தார். குந்தி உட்கார்ந்து வெல்டு வைக்கிற வேலை, அப்படித்தான் இருக்கும் என்று நானும் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் நான் வாசலில் ஜெபம் பண்ண, அவர் சாலையில் நின்று மிதிக்க, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தைரியசாலி வேஷம் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் நான் பார்க்கிற திசையில் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "சீட்டை வச்சுக்கினு நின்னுக்கினே போறாரு பாரும்மா, இன்னா வேண்டுதலோ?"

புது சீட்டு

மறுநாள் கடையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அகலம் அவருக்குச் சரியாக இருக்கும், உறுத்தாது. சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். பஸ்ஸிலிருந்து பார்த்ததைச் சொல்வதாக இல்லை. கடையில் ஆஃபர் என்று சொல்லலாம் என வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் வந்து, கை கால் கழுவிவிட்டு, அதைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். நான் தைலத்தை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தேய்த்தேன். ஒத்திகை பார்த்த பொய் வாயில் வரவில்லை. "நேத்து பஸ்ல இருந்து பாத்தேங்க" என்றேன்.

அவர் புது சீட்டின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு, "தெருவுல உக்காருவேன். மெயின் ரோட்டுக்கு வந்தா உடம்பு தானா எழுந்துக்குது" என்றார். கழற்றிப் போட்டிருக்கலாமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். "உன்கிட்ட சொல்லிட்டா, என் வெல்டு நிக்காதுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார். விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லையா என்று கேட்டேன். அவர் என் கையைத் தன் முழங்காலிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டார். "விழறது பெரிசு இல்ல எஸ்தர். அது உடைஞ்சிடுச்சுன்னா, நான் இதுவரைக்கும் போட்ட ஒவ்வொரு ஜாயிண்டையும் நெனைச்சுப் பயப்படணும். எத்தனை ஸ்கூல், எத்தனை மாடிப்படி. பசங்க அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் எறங்குதுங்க." எத்தனையோ வருஷமாகப் பயத்தையே தொழிலாகப் பார்த்துவருகிற எனக்கு, இப்படி ஒரு பயம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு இரண்டு பேரும் வாசலுக்குப் போனோம். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நான் பழைய சீட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். உட்கார்ந்து பாருங்கள் என்றேன். உட்கார்ந்தார். தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பினார். வழியெல்லாம் உட்கார்ந்தேதான் வந்தார். பழைய சீட்டு என் கையில் இருந்தது. பழக்க தோஷத்தில் அதைக் கவிழ்த்து, வெல்டுக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல் நகத்தை வைத்துவிட்டேன். அவர் சைக்கிளை விட்டு இறங்காமலே கையை நீட்டி என் விரலைப் பிடித்து நிறுத்தினார்: "வேணாம்மா. அதைத் தூக்கிப் போட்டுடு. பாக்க மட்டும் பாக்காத."

ஆக, உட்கார்ந்து நொந்த அன்பர்களே, சீட்டை எப்போது மாற்ற வேண்டும் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் நான் ஸ்பாஞ்சையும் கம்பியையும் பார்ப்பதற்கு முன்னால், சைக்கிளை விட்டு இறங்குகிறவர் முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறாரா என்றுதான் பார்க்கிறேன்.